விவாகரத்தின் வாசலில் நிற்கும் தம்பதியரை வைத்துக் காதல் நகைச்சுவை நாவல் எழுதும் முறை

வழக்கமான காதல் நகைச்சுவை நாவலில் இருவரும் முதல் அத்தியாயத்தில் சந்தித்து, கடைசி அத்தியாயத்தில் சேர்வார்கள். விவாகரத்து மனுவில் கையெழுத்திட்ட தம்பதியரைப் பற்றி எழுதப் புகுந்தால், அந்தச் சந்திப்பும் சேர்க்கையும் கதை தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். இவர் எப்படிப்பட்டவர், நமக்கு ஏற்றவர்தானா என்ற ஆவல் அவர்களிடம் மிச்சமில்லை. கோபம் வருவதற்கு முன் மற்றவர் எப்படி மூச்சு விடுவார், எந்தச் சண்டையில் எந்தப் பழைய கதையை இழுப்பார் என்பது வரை எல்லாம் இருவருக்கும் மனப்பாடம். அந்த மனப்பாடமே உங்கள் மூலதனம். பிரியப்போகிற இருவர் உலகில் வேறு எவரையும்விட ஒருவரையொருவர் நன்றாக அறிந்திருக்கிறார்கள். இந்த வகை நாவலில் சிரிப்பும் காதலும் அங்கிருந்துதான் வருகின்றன என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லும் யோசனைகள் யாவும் அதையொட்டியே அமைந்தவை.

இந்த வடிவத்துக்கு ஒரு முன்வரலாறு உண்டு. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி கேவல், 1934 முதல் 1949 வரை வெளிவந்த ஏழு ஹாலிவுட் படங்களைத் தனி வகையாகத் தொகுத்து, 1981-இல் வெளியான தம் நூலில் அவற்றை ‘மறுமண நகைச்சுவை’ என்று அழைத்தார். பழைய நகைச்சுவைகளில் காதலர்களுக்குக் குறுக்கே நிற்பவர் பெரும்பாலும் பெண்ணின் தகப்பனார். இவ்வகையிலோ தடை அந்த இருவருக்குள்ளேயே இருக்கிறது, ஆகவே அதை நீக்கும் பொறுப்பும் அவர்களுடையதாகிறது. அத்தம்பதியருக்குக் குழந்தைகள் இல்லாததையும் கேவல் சுட்டிக்காட்டுகிறார். இது எழுதுபவர் நின்று யோசிக்க வேண்டிய இடம். குழந்தையை உள்ளே கொண்டுவந்தால், அந்தக் குழந்தைக்குப் பயப்படவும் கோபப்படவும் இடம் கொடுத்தாக வேண்டும். பெற்றோரைச் சேர்த்துவைக்கச் சூழ்ச்சி செய்யும் கெட்டிக்காரப் பிள்ளையாக மட்டும் அதை ஆக்குவது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் அநியாயம்.

முறிவுக்கு இரண்டு காரணங்கள்

எழுதத் தொடங்குமுன் தீர்மானிக்க வேண்டியது, இவர்கள் ஏன் பிரிகிறார்கள் என்பது. அதற்கு இரண்டு விடைகள் உங்களிடம் இருக்க வேண்டும். ஒன்று, வக்கீலிடமும் நண்பர்களிடமும் சொல்லும் காரணம். மற்றொன்று, இருவருமே இன்னும் வாய்விட்டுச் சொல்லாத காரணம். நாவலின் முதற்பாதி முன்னதை வைத்து நடக்கும். பின்னது வெளிவரும் இடத்தில் கதை திரும்பும்.

இந்த இரண்டாவது காரணத்தைத் தேட எளிய வழி, அவர்கள் காதலித்ததற்கு எந்தக் குணம் காரணமாக இருந்ததோ அதையே பிரிவுக்கும் காரணமாக்கிப் பார்ப்பது. எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டு, பயணச்சீட்டு முதல் பல் மருத்துவர் நேரம் வரை தானே கவனித்துக்கொள்ளும் ஒருவனை, அந்தப் பொறுப்புக்காகவே ஒருத்தி விரும்பியிருப்பாள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, தன் வாழ்க்கையில் தான் முடிவெடுக்க ஒன்றுமே மிஞ்சவில்லை என்று அவளுக்குத் தோன்றும். அவனுக்கோ, தான் செய்யும் எதையும் அவள் கண்டுகொள்வதே இல்லை என்ற மனத்தாங்கல். இருவரும் நியாயமானவர்கள். ஒரே சண்டையை முதலில் அவள் நோக்கில் ஒரு பக்கமும், பிறகு அவன் நோக்கில் ஒரு பக்கமும் எழுதிப் பாருங்கள். இரண்டையும் படிக்கும் நண்பர் எளிதாக ஒருவர் பக்கம் சாய்ந்துவிட்டால், காரணம் இன்னும் பழுக்கவில்லை என்று பொருள்.

அடி உதை, மிரட்டல், பணத்தையும் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தி அடக்கிவைத்தல் ஆகியவற்றை இந்த வடிவம் தாங்காது. அப்படிப்பட்ட மணவாழ்வுக்கு ஒருவர் திரும்பிப் போவதை இன்பமான முடிவாகக் காட்டுவது, வாசகர்களில் அதே நிலையில் இருப்பவருக்குத் தீங்கு செய்வதாகும். கதையில் அத்தகைய ஒருவர் வர நேர்ந்தால், அவர் வெளியேறுவதையே நாவல் வெற்றியாகக் கொண்டாட வேண்டும்.

எந்தச் சிரிப்பு, யார் மீது

இந்தப் பகுதியில் சற்று நிதானித்தே ஆக வேண்டும், ஏனென்றால் இவ்வகை நாவல்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் நிலைக்களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்காக வகுக்கிறது. தம்பதியர் சண்டை என்றதும் கைக்கு எளிதாக வருவது முதலாவதான எள்ளல். மனைவியின் பேச்சை, கணவனின் சோம்பலை, மாமியாரின் குரலை ஏளனம் செய்யும் துணுக்குகள் எல்லோரிடமும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றை அடுக்கினால் பக்கம் நிரம்பும், காதல் செத்துப்போகும்.

இது வெறும் ரசனை சார்ந்த பேச்சன்று. தம்பதியரின் உரையாடல்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், மணவாழ்வை அரிக்கும் பழக்கங்களாகக் குறைகூறல், இகழ்ச்சி, தற்காப்பு வாதம், வாயை மூடிக்கொண்டு விலகுதல் ஆகிய நான்கைக் குறிப்பிட்டார். இவற்றுள் விவாகரத்தை மிக வலுவாக முன்னறிவிப்பது இகழ்ச்சியே என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே நாயகனும் நாயகியும் ஒருவரையொருவர் எள்ளி நகைத்துக்கொண்டே இருந்தால், நுட்பமான வாசகர் சிரிப்பதற்குப் பதிலாக, இவர்கள் பிரிவதே நல்லது என்ற முடிவுக்கு வந்துவிடுவார். பிறகு நீங்கள் எவ்வளவு அழகாகச் சேர்த்துவைத்தாலும் அவர் நம்பமாட்டார்.

மற்ற மூன்று களன்களும் உங்களுக்குத் துணை நிற்பவை. வயது வந்த இருவர் சிறுபிள்ளைகள்போல் அடம்பிடிப்பது இளமை. எதிராளியின் மனத்தில் இருப்பது தெரியாமல், தெரிந்ததாக நினைத்துக்கொண்டு காரியம் செய்வது பேதைமை. மடன் என்பதற்கு உரைகாரர்கள் தரும் ‘கொண்டது விடாமை’ என்ற விளக்கமோ, விவாகரத்துக் கதைக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது: பிரிவது என்று ஒருமுறை சொல்லிவிட்டதாலேயே, மனம் மாறிய பிறகும் அந்தச் சொல்லைக் கைவிட முடியாமல் இருவரும் தவிப்பது இந்த நாவலின் நடுப்பகுதி முழுவதையும் ஓட்டிச் செல்லும்.

அறிந்தவரிடையே எழும் நகைச்சுவை எப்படிச் செயல்படுகிறது என்பதைப் பார்க்கத் திருக்குறளின் ‘புலவி நுணுக்கம்’ அதிகாரத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. தலைவி ஊடிப் பேசாமல் இருக்கிறாள். தும்மினால் ‘நீடு வாழ்க’ என்று அவள் சொல்லியே தீர்வாள் என்பதை அறிந்து அவன் தும்முகிறான். இன்னொரு குறளில், தும்மியவனை அவள் வாழ்த்தவும் செய்கிறாள். வாழ்த்திய மறுகணமே, யார் உம்மை நினைத்ததால் தும்மினீர் என்று கேட்டு அழுகிறாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான். உமக்கு வேண்டியவர் உம்மை நினைப்பதை என்னிடமிருந்து மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகிறாள். தும்மினாலும் குற்றம், அடக்கினாலும் குற்றம். ஆனால் ஒருவரையொருவர் ஏளனம் செய்யும் சொல் ஒன்றுகூட அங்கே இல்லை. ஒரு சின்ன உடலசைவு, அதற்கு இருவரும் தரும் பொருள், ஒவ்வொரு திருப்பத்திலும் இறுகும் பொறி, அவ்வளவுதான். இதே அமைப்பில் உங்கள் தம்பதியருக்கு ஒரு நிகழ்ச்சியை உருவாக்கி, அதை மூன்று அத்தியாயங்களில் இடைவெளி விட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு படி கூட்டிப் பயன்படுத்துங்கள்.

காட்மனிடமிருந்து எடுத்துக்கொள்ள இன்னொன்றும் உண்டு. சண்டையின் நடுவே ஒருவர் நிலைமையைத் தணிக்க நீட்டும் சிறு முயற்சிகளை அவர் சீர்செய்யும் முயற்சிகள் என்கிறார்; ஓர் அசட்டு நகைச்சுவைகூட அதில் அடங்கும். அந்த முயற்சியின் அழகைவிட, மற்றவர் அதை ஏற்கிறாரா என்பதே முக்கியம். நாவலாசிரியருக்கு இது பொன்னான செய்தி. மூன்றாம் அத்தியாயத்தில் கணவன் சொல்லும் ஒரு சுமாரான நகைச்சுவைக்கு மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். நாவலின் முடிவுக்கு அருகில் அதே நகைச்சுவையை, ஓர் எழுத்தும் மாற்றாமல், இந்த முறை அவளே சொல்லட்டும். அவர்கள் மாறிவிட்டார்கள் என்று நீங்கள் எழுத வேண்டிய அவசியமே இராது.

சட்டம் தரும் கடிகாரம்

காதல் நகைச்சுவைக்கு ஒரு கெடு வேண்டும்; விவாகரத்துச் சட்டம் அதைத் தானாகவே தருகிறது. கதை நடக்கும் இடத்தின் சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் எழுதுபவர் கற்பனைக்கு மிகவும் உதவக்கூடிய ஒரு கருவியை இழக்கிறார். இந்தியாவில் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்படி, பரஸ்பர சம்மத மனு தாக்கல் செய்யத் தம்பதியர் ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு தந்து 6 மாதம் கழிந்த பின், 18 மாதத்துக்குள், இருவரும் மீண்டும் வந்து தங்கள் முடிவை உறுதிப்படுத்த வேண்டும். அந்த 6 மாதக் காத்திருப்பைத் தக்க வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் 6 முதல் யார் மீதும் குற்றம் சாட்டாமலே விவாகரத்துக் கோரலாம். விண்ணப்பத்துக்கும், விவாகரத்துக்கான முதற்கட்ட அனுமதியாகிய நிபந்தனை ஆணைக்கும் இடையே 20 வாரங்களும், அதிலிருந்து இறுதி ஆணைக்கு மேலும் 6 வாரங்களும் காத்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் எதிர்த்தரப்பிடம் மனு முறைப்படி சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து குறைந்தது 6 மாதம்.

இந்த எண்களை நாவலில் ஒப்பிக்க வேண்டியதில்லை. அவற்றைக் கதையின் எலும்பாக்க வேண்டும். உதாரணமாக, காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்று வக்கீல் நல்லெண்ணத்துடன் சொல்கிறார். இருவருக்கும் அது வேண்டியதில்லை; ஆனால் வேண்டாம் என்று முதலில் சொல்பவர் தோற்றவர் ஆகிவிடுவார். இந்த ஒரு காட்சி நகைச்சுவையும் பதற்றமும் ஒருசேரத் தரும்.

இன்னும் வளமான ஒரு செய்தி 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றில் இருக்கிறது. பிரிந்து வாழ்வது என்பதற்கு வெவ்வேறு வீட்டில் இருப்பது என்று பொருள் இல்லை, ஒரே கூரையின் கீழும் கணவன் மனைவியாக வாழாமல் இருக்கலாம் என்று அது கூறுகிறது. தீர்ப்பு வரும்வரை எவரேனும் ஒருவர் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் கூறுகிறது. ஒரே வீட்டில், சட்டப்படி பிரிந்து, சமையலறையை யார் எப்போது பயன்படுத்துவது என்று அட்டவணை போட்டுக்கொண்டு வாழும் இருவர்! இதைவிடப் பொருத்தமான அரங்கு இக்கதைக்குக் கிடைக்காது. சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையோ, கடைசிப் பக்கம் வரை இருவர் கையிலும் இருக்கும் ஒரு துருப்புச்சீட்டு.

நீதிமன்றக் காட்சிகளில் ஒரு பொதுவான பிழையைத் தவிர்த்துவிடுங்கள். நிறைந்த அவையில் வக்கீல்கள் முழங்குவதும், கணவன் கூண்டிலேறிக் காதலை அறிவிப்பதும் நடப்புக்கு ஒவ்வாதவை. இந்தியக் குடும்ப நல நீதிமன்றங்களுக்கான 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தரப்பினரில் ஒருவர் விரும்பினாலும் விசாரணை மூடிய அறையில் நடைபெற வேண்டும். இணக்கத்துக்கு முதலில் முயல வேண்டிய கடமையும் நீதிமன்றத்துக்கு உண்டு. எனவே உங்கள் நாடகம் கவுன்சலிங் அறையிலும், வாய்தாவுக்காகக் காத்திருக்கும் தாழ்வாரத்திலும் நடக்கட்டும். வக்கீல்களை வில்லன்களாக்காதீர்கள். தம் வேலையில் கெட்டிக்காரரான ஒரு வக்கீல், தம் கட்சிக்காரர் எதிர்த்தரப்புக்குச் சாதகமாகவே பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திகைப்பது எவ்வளவோ மேல்.

எத்தனை தம்பதியர்

தலைப்பில் பன்மை இருந்தாலும், மூன்று ஜோடிகளுக்கு மேல் வேண்டாம். ஒரு ஜோடி நாவலின் உயிர். பக்கங்களில் பாதிக்கு மேல் அவர்களுடையதாக இருக்கட்டும். இரண்டாவது ஜோடி உண்மையாகவே பிரிய வேண்டும், அதுவும் பிரிவதே சரி என்று வாசகர் ஒப்புக்கொள்ளும் வகையில், பிரியத்தோடு பிரிய வேண்டும். எல்லா ஜோடியும் சேர்ந்துவிடும் நாவலில் எதற்கும் ஆபத்து இல்லை. ஒரு ஜோடி கைகுலுக்கி விடைபெற்றுப் போவதைக் கண்ட பிறகே முதல் ஜோடிக்காக வாசகர் கவலைப்படத் தொடங்குவார். மூன்றாவது ஜோடி இருந்தால் வயதில் மூத்தவர்களாக இருப்பது நலம். இவர்கள் அனைவரையும் ஒன்றாக உட்காரவைக்கக் காத்திருப்புத் தாழ்வாரம் போதும். தன் மனைவியிடம் கேட்கத் தெரியாத ஒருவன், அடுத்த பெஞ்சில் இருப்பவரின் மனைவி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, அருமையான யோசனை சொல்வான்; எதிர்ப்பெஞ்சில் அவன் மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு காட்சியை அருகிலிருந்து

வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரிக்கும் காட்சி இவ்வகை நாவலில் தவிர்க்க முடியாதது. பெரும்பாலோர் இருவரும் ஒரே பொருளுக்காக அடித்துக்கொள்வதாக எழுதுவார்கள். இருவருமே மற்றவருக்குத் தள்ளிவிடுவதாக எழுதிப் பாருங்கள்.

“அடுத்தது எழுதுற மேஜை. யாருக்கு?” என்றார் சமரசர்.

“அவரே எடுத்துக்கட்டும். எனக்கு வேணாம்.”

“எனக்கும் வேணாம் சார். அதுலதான் அவ வேலை பாப்பா. இடது கால் ஆடும், அட்டையை மடிச்சு வெச்சாத்தான் நிக்கும்.”

“அந்த அட்டை நசுங்கிடும் சார். அப்பப்ப மாத்தணும். இவர்தான் மாத்துவார்.”

“நீ கவனிச்சியா?”

“மேஜை ஆடாம இருந்தா யாரோ மாத்துறாங்கன்னுதானே அர்த்தம்.”

சமரசர் மேஜையை மனைவியின் பெயருக்கு நேரே எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தி, கணவனைப் பார்த்தார். “அட்டை?”

இந்தக் காட்சியில் எவரும் நகைச்சுவையாகப் பேச முயலவில்லை என்பதைக் கவனியுங்கள். அன்பு என்ற சொல்லும் வரவில்லை. மூன்றாம் மனிதர் ஒருவர் நேரான கேள்வி கேட்கிறார். அவர்கள் தரும் விடைகளில், வேண்டாம் என்று மறுக்கும்போதே, ஆண்டுக்கணக்காகச் செய்துவந்த ஒரு சின்னப் பணிவிடை வெளிப்பட்டுவிடுகிறது. அவன் செய்வதை அவள் கண்டுகொள்வதில்லை என்ற அவனுடைய பெரிய குறை இங்கே ஒரு கணம் ஆட்டம் காண்கிறது. சமரசரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவன் ‘நீ கவனிச்சியா’ என்று அவள் பக்கம் திரும்பும் அந்த ஒரு வரியே காட்சியின் அச்சு. கடைசிக் கேள்வியைச் சமரசர் வேடிக்கையாகக் கேட்கவில்லை, பட்டியலை முடிக்கும் கவலையில் கேட்கிறார். அதனால்தான் சிரிப்பு வருகிறது. அதற்குப் பின் விளக்கம் எதுவும் எழுதாமல் அத்தியாயத்தை முடித்துவிட வேண்டும்.

பார்வை, நடுப்பகுதி, முடிவு

அத்தியாயங்களை இருவர் பார்வையிலும் மாற்றி மாற்றி எழுதுவது இக்கதைக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் ஒருவரைப் பொய்யராக்கிவிடாதீர்கள். அவள் அத்தியாயத்தில் அவன் முக்கால் மணி நேரம் தாமதமாக வருகிறான். அவன் அத்தியாயத்தில், சரியான நேரத்துக்கு வந்துவிட்டு, உள்ளே போய்ச் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி வாசலிலேயே நிற்கிறான். இரண்டும் உண்மை.

நடுப்பகுதியில் அவர்களுக்கு ஒரு நல்ல நாள் அமையட்டும். பழையபடி சிரித்துப் பேசி, ஒரு வேலையைச் சேர்ந்து செய்து முடிக்கட்டும். அதன் மறுநாள் நிலைமை முன்பைவிட மோசமாக வேண்டும், ஏனென்றால் இழக்கப்போவது என்ன என்பது இப்போது இருவருக்கும் தெளிவாகத் தெரிகிறது, அந்தப் பயத்தில் இருவரும் முன்னிலும் கடுமையாக நடந்துகொள்கிறார்கள். சொல்லப்படாத அந்த இரண்டாவது காரணம் வெளியே வர ஏற்ற நேரம் இதுதான். அந்த ஒரு காட்சியில் மட்டும் நகைச்சுவையை முற்றிலும் நிறுத்திவிடுங்கள்.

முடிவில் மனமாற்றத்தைப் பேச்சால் நிறுவ முயலாதீர்கள். மழையில் ஓடிவந்து நிகழ்த்தும் உரைகளை வாசகர் நிறையப் படித்துவிட்டார். மாறியவர் ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும். அது அவருக்குச் சிரமமானதாகவும், மற்றவருக்குத் தெரியவருமா என்ற உறுதி இல்லாதபோதே செய்ததாகவும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் தானே திட்டமிட்ட அந்தக் கணவன், ஒரு முழுப் பயணத்தின் முடிவுகளை அவளிடம் விட்டுவிட்டு, ரயில் தவறும் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நடந்து வருவது போதுமானது. அவளும் தன் பங்குக்கு மாற வேண்டும். ஒருவர் மட்டும் திருந்தி மற்றவர் மன்னிக்கும் கதை, முதலில் நீங்கள் இருவருக்கும் தந்த நியாயத்தைப் பறித்துவிடும்.

சம்மதத்தைத் திரும்பப் பெறுவதோடு கதை முடிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விவாகரத்து கிடைத்துவிட்ட பிறகு, எந்தக் கட்டுப்பாடும் இல்லாத நிலையில், இருவரும் புதிதாகப் பழகத் தொடங்குவது எனக்கு அதைவிட நேர்மையான முடிவாகத் தோன்றுகிறது. பழைய மணவாழ்வு முடிந்துபோனது என்பதை நாவல் ஒப்புக்கொள்கிறது. இனி வருவது வேறொன்று. அதை எழுதுவதானால், தீர்ப்பு நாளுக்குப் பின் குறைந்தது இரண்டு அத்தியாயங்களையாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள், அவசரமாக ஒரு பின்னுரையில் அடைத்துவிடாதீர்கள்.

முதல் வரைவு முடிந்ததும் உரையாடல்களை மட்டும் உரக்கப் படித்து, யார் பேசுகிறார் என்ற குறிப்பு இல்லாமலே இருவர் குரலும் பிரிந்து கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு, இகழ்ச்சி தொனிக்கும் வரிகளைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, அவற்றில் கதைக்கு இன்றியமையாத ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றை நீக்கிவிடுங்கள். கடைசியாக, விவாகரத்தைக் கடந்து வந்த ஒருவரிடம், அவர் மனமுவந்து சம்மதித்தால், பிரதியைப் படிக்கக் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று அவரிடம் கேட்க வேண்டாம். எந்தப் பக்கத்தில் சிரிப்பை நிறுத்தினீர்கள் என்று கேட்டு, அந்தப் பக்கத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.